ஊதுகுழல் கணக்கு

செகந்தராபாத் பத்மராவ் நகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அண்ணாச்சி இருக்கிறார். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தமிழர் வீட்டுக் கல்யாணம், சீமந்தம், சஷ்டியப்தபூர்த்தி என்றால் பந்தி பெரும்பாலும் அவருடையதுதான். போன மாதம் ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனால், மேஜைமேல் ஒரு பழைய டைரியும் பங்க் ரசீதுகள் ஒரு கட்டும். சுவரோரம் அவருடைய பிக்-அப் ஓட்டுநர் நின்றிருந்தார். பாலமூர்க்காரர். ஏழு வருஷமாக இவரிடம் ஓட்டுபவர். தலை நிமிரவில்லை.

“தம்பி, நீ படிச்ச ஆளுல்லா? இதக் கொஞ்சம் பாரு. வண்டி வாங்கும்போது குடுத்த நோட்டீஸ்ல லிட்டருக்குப் பதினேழுன்னு போட்டிருக்கான். இவன் பதினொண்ணு காட்டுதான். நடுவுல உள்ள ஆறு எங்க போச்சு?”

டைரியைப் பார்த்தேன். அந்த மாதம் ஓடியது 2,600 கிலோமீட்டர். பதினேழு என்றால் 153 லிட்டர் போதும். போட்டது 236. வித்தியாசம் 83 லிட்டர். ஐதராபாத்தில் அப்போது டீசல் 95 ரூபாய் சொச்சம் விற்றது, ஆக ஏறக்குறைய எட்டாயிரம் ரூபாய். அண்ணாச்சி வாயால் ‘திருட்டு’ என்று சொல்லவில்லை. “சம்பளத்துல பிடிச்சுக்கிடலாமான்னு யோசிக்கேன்” என்றார். ஓட்டுநர் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “சார், பண்டி அன்த்தே இஸ்துந்தி” என்றார். வண்டி அவ்வளவுதான் கொடுக்கும்.

டீசல் திருட்டே நாட்டில் இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் கேன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் துண்டறிக்கையில் அச்சடித்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஒருவனைத் திருடன் என்று சொல்வதற்கு முன்னால், அந்த எண் எங்கே பிறந்தது என்று கேட்க வேண்டாமா?

அது பிறந்தது ஓர் உருளையின் மேல். நம் நாட்டில் கார், பிக்-அப் போன்ற இலகு வண்டிகளைச் சோதனைக் கூடத்தில் உருளைமேல் நிறுத்தி, ஒரு குறிப்பிட்ட கால அட்டவணைப்படி ஓட்டிப் பார்க்கிறார்கள். இத்தனை வினாடியில் கிளம்பு, இத்தனை வினாடி நில், இந்த வேகத்துக்குப் போ என்று எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்தது. ஐரோப்பாவின் பழைய அட்டவணையை எடுத்து, அதன் உச்ச வேகத்தை 120லிருந்து 90க்குக் குறைத்து நமக்கென்று ஆக்கிக்கொண்டது. மொத்தமே இருபது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ஏசி ஓடாது. எருமை குறுக்கே வராது. முக்கியமாக, உருளை நினைத்துக்கொள்வது ஏறக்குறைய காலி வண்டியின் எடையைத்தான். பாரம் சுமக்கவே பிறந்த வண்டிக்குப் பாரமில்லாமல் பரீட்சை. ஐரோப்பாவில் அந்த அட்டவணைக்கும் தெருவுக்கும் சம்பந்தம் போதாது என்று கண்டு, 2017 முதல் வேறு சோதனைக்கு மாறிவிட்டார்கள். அமெரிக்காவிலும் 2008ஆம் வருஷத்து மாடல்களிலிருந்து கணக்கு முறையைத் திருத்தியதில், எல்லா வண்டிகளின் மைலேஜும் ஒரே நாளில் காகிதத்தில் குறைந்தது.

இதையெல்லாம் சொன்னேன். அண்ணாச்சி கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. அவருக்கு இன்னொரு சாட்சி இருந்தது. “முன்னால குட்டியானை வச்சிருந்தேன். அது பதினெட்டு குடுத்துது. இது டர்போ வண்டி, இன்னும் கூடத்தானே குடுக்கணும்?”

டர்போ என்றால் சிக்கனம் என்று யாரோ இந்த நாட்டுக்கே சொல்லி வைத்திருக்கிறார்கள். 2005ல் அந்தக் குட்டியானை, அதாவது டாடா ஏஸ், வந்தபோது அதில் இருந்தது இரண்டே சிலிண்டர், 702 சிசி, டர்போ கிடையாது. சுமந்தது முக்கால் டன். இப்போதைய பிக்-அப் ஒன்றரை டன்னுக்கு அசங்காமல் நகர்கிறது. அப்படி நகர வைப்பது எது என்பதை அண்ணாச்சிக்கு அவர் அடுப்பை வைத்தே சொன்னேன். பெரிய கல்யாணங்களுக்கு இன்றும் விறகடுப்புதான் அவருக்கு. ஊதுகுழல் வைத்து ஊதினால் தீ எழும்பும். அடுப்பு அதே அளவுதான், அண்டா சீக்கிரம் கொதிக்கும். விறகு? விறகும் சீக்கிரம் தீரும். டர்போ ஊதுகுழல்தான். வீணாக வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிறது. ஆல்ஃப்ரெட் பூஹி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் இதற்கு 1905லேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார். காற்று கூடினால் அதற்கேற்ப டீசலையும் கூட்டலாம். அதனால் சின்ன இன்ஜின் காலியாக, மெதுவாகப் போகும்போது சின்ன இன்ஜினாகவே குடிக்கிறது. பாரம் ஏற்றி மிதித்தால் பெரிய இன்ஜின் செய்யும் வேலையைச் செய்து, பெரிய இன்ஜினைப் போலவே குடிக்கிறது. உருளை பார்ப்பது முதலாமவனை. பாலாநகர் மேம்பாலம் பார்ப்பது இரண்டாமவனை.

பெட்ரோல் டர்போவின் பாடு இன்னும் கஷ்டம். கடும் பாரத்தில் உள்ளே சூடு தணியவே கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டியிருக்கும். அமெரிக்காவில் 2011 மாடல் ஃபோர்டு எஃப்-150 பிக்-அப்பில் எட்டு சிலிண்டரோடு, டர்போ வைத்த ஆறு சிலிண்டரையும் கொடுத்தார்கள். காலியாக ஓட்டினவர்கள் மெச்சினார்கள், பின்னால் படகைக் கட்டி இழுத்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

அண்ணாச்சி யோசித்தார். “சரி, ஊதுகுழல் நியாயம். ஆனா கண்ணால பாக்கணும்லா?” பார்த்துவிடுவோம் என்றேன். வேலை வெட்டி இல்லாத பத்தி எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

முறை பழையதுதான், டேங்க் டு டேங்க்: நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பி அளப்பது. ஒரே பங்க், ஒரே குழாய், வண்டி ஒரே பக்கமாக நிற்க வேண்டும். டீசல் நுரைக்கும், முதல் தடவை தானாகக் குழாய் நின்றதும், நுரை அடங்கும்வரை காத்திருந்து நிரப்ப வேண்டும். டேஷ்போர்டில் காட்டும் சராசரியைப் பார்க்கவே கூடாது. அது மகிழ்ச்சியான பிறவி.

முதல் மூன்று நாள் ஊருக்குள். மாதாப்பூர் அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு. பேகம்பேட்டை, அமீர்பேட்டை, பிறகு அந்த ஐடி மந்தை. 141 கிலோமீட்டருக்கு 15.2 லிட்டர், லிட்டருக்கு 9.3. ஒவ்வொரு சிக்னலிலும் ஒன்றரை டன் இரும்பையும் முக்கால் டன் சோற்றையும் சும்மா நின்ற நிலையிலிருந்து தள்ளி எழுப்பி, அடுத்த சிக்னலில் பிரேக் பிடித்து அத்தனையையும் சூடாகக் காற்றில் விடுகிறோம். போதாக்குறைக்கு, 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிக்குப் பிறகு டீசல் வண்டிகளில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்தால், கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சித்தான் அந்தக் கரியை எரித்துத் தீர்க்கிறது. நகரத்துக் குட்டிச் சவாரிகளில் சூடு போதாமல் அந்த வேலை பாதியில் நின்று, மறுபடி தொடங்கும். அந்த டீசல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாது.

அடுத்தது சங்காரெட்டியில் ஒரு கல்யாணம். அண்டாக்கள், கிரைண்டர் இரண்டு, சிலிண்டர், அரிசி, காய்கறி எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு கிலோவாவது வரும். கூகட்பள்ளி, மியாப்பூர் தாண்டி பட்டான்செருவில் சாலை திறந்ததும் ஓட்டுநரின் கால் இறங்கியது. தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. கேபினுக்கு மேல் எழும்பி நிற்கும் பாரமும் படபடக்கும் தார்ப்பாயும் அதற்குத் தீனி.

அந்தச் சாலையிலேயே போனால் ஜஹீராபாத். நிஜாம் காலத்தில் தொடங்கிய ஐதராபாத் ஆல்வின், 1980களில் நிசானோடு சேர்ந்து சிறு லாரி செய்த ஊர். அதே காலத்தில் டிசிஎம்-டொயோட்டா, ஐஷர்-மிட்சுபிஷி, ஸ்வராஜ்-மாஸ்டா என்று ஜப்பானியக் கூட்டணிகள் வரிசையாக வந்தன. ஆல்வினின் தொழிற்சாலை மஹிந்திராவிடம் போயிற்று. டிசிஎம்-டொயோட்டா என்ற பெயரே வண்டிகளிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் தெலுங்குப் பத்திரிகைகளில் இன்றைக்கும் நடுத்தர லாரி எதுவானாலும் அது ‘டிசிஎம்’தான். உள்ளூரில் செய்த ஆல்வினுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லையே என்று எனக்கு எப்போதும் ஒரு சின்ன வருத்தம்.

சங்காரெட்டிக்குப் போக வர 130 கிலோமீட்டர், 11.6 லிட்டர். லிட்டருக்கு 11.2. டைரியில் ஓட்டுநர் எழுதியதும் அதேதான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் துண்டறிக்கையின் பதினேழும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை என்று எனக்குப் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, வண்டியைத் துடைத்துக் காலியாக்கி, டயருக்குக் காற்று சரியாக வைத்து, வெளிவட்டச் சாலையில் ஏறினோம். ஊரைச் சுற்றி 158 கிலோமீட்டர். கார்கள் 120ல் போக அனுமதி உள்ள சாலை. நாங்கள் இடது ஓரமாக அறுபதில் உருண்டோம். ஏசி கிடையாது, நிறுத்தம் கிடையாது. ஓட்டுநருக்குத் தூக்கம் வந்தது, எனக்கு வெட்கம் வந்தது. எங்களைத் தாண்டிப் போன ஒவ்வொருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி சுங்கக் கட்டணத்தை எண்ணி உள்ளூர எரிந்துகொண்டிருந்தார். சுற்றி முடித்து நிரப்பினால் 9.4 லிட்டர். லிட்டருக்கு 16.8.

அண்ணாச்சி அந்த ரசீதை வெகுநேரம் பார்த்தார். “அப்ப அவன் சொன்னதும் நெசம், இவன் சொன்னதும் நெசம்” என்றார். பிறகு, “காலி வண்டிய ஊரைச் சுத்தி ஓட்டுனா எனக்கு யாரு துட்டு குடுப்பா?” என்றார். இந்த விஷயத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக ஒரு நிபுணரும் பேசி நான் கேட்டதில்லை.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வியே கார் வைத்திருப்பவனுடைய கேள்வி. பாரவண்டிக்கு லிட்டருக்கு எத்தனை டன் எவ்வளவு தூரம் போயிற்று என்று கேட்க வேண்டும். சங்காரெட்டி வழியில் அந்தப் பிக்-அப் ஒரு லிட்டரில் 1.2 டன்னை 11 கிலோமீட்டர் கொண்டுபோயிற்று. என்னுடைய கார் லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கிறது என்று நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அது சுமப்பது எழுபது கிலோ எழுத்தாளனை. கணக்குப் போட்டால் பிக்-அப் என்னைவிடப் பன்னிரண்டு, பதிமூன்று மடங்கு சிக்கனம். ஜூப்ளி ஹில்ஸில் இப்போது ஹைலக்ஸ், வி-கிராஸ் என்று பணக்காரப் பிக்-அப்கள் நிறையக் கண்ணில் படுகின்றன. ஹைலக்ஸில் 2.8 லிட்டர் இன்ஜின், 204 குதிரைத் திறன். எதன் பின்தட்டிலும் ஒரு கீறல் கிடையாது. அந்த வீடுகளில் மைலேஜ் பற்றி யாரும் யாரையும் சந்தேகிப்பதில்லை.

ஏழு வருஷ மனிதரிடம் அண்ணாச்சி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்த வழக்கம் அவருக்கு இல்லை. அன்றைக்கு மூன்று பேருக்கும் இலை போட்டுத் தானே பரிமாறினார். ஓட்டுநருக்கு இரண்டாம் தடவை பாயசம்.

போன வாரம் அந்த வழியாகப் போனபோது டைரி மேஜைமேல் திறந்து கிடந்தது. முன்பு அதில் கிலோமீட்டர், லிட்டர் என்று இரண்டு கட்டங்கள்தான். இப்போது மூன்றாவதாக ஒரு கோடு இழுத்து, தெலுங்கில் ‘லோடு’ என்று எழுதியிருந்தது. கீழே, ஓட்டுநரின் கையெழுத்தில், பெரிய அண்டா 3, கிரைண்டர் 2, அரிசி 4 மூட்டை.