பூட்டை மாற்றுங்கள், காலத்தில்!

மில் தொழிலாளியின் சம்பளம் இன்று பாங்குக் கணக்கில் வந்து விழுகிறது. அப்பணத்தைக் காக்கும் பூட்டுகளில் ஒன்று வெறும் பெருக்கல்தான்! இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. வந்த விடையிலிருந்து அவ்விரண்டையும் கண்டுபிடிப்பது இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு ஆகாத காரியம்.

அணுத்துகள்களின் விதிகளைக் கொண்டு கணக்கிடும் குவாண்டம் கம்ப்யூட்டர் அதைச் செய்ய முடியும் என்று 1994-ல் பீட்டர் ஷோர் காட்டினார். அதற்குப் போதிய வலிமையுள்ள இயந்திரம் இன்னும் வரவில்லை. ஆனால், இன்று திருடிப் பதுக்கிய ரகசியத்தை நாளை திறக்கலாமே!

அதையும் தாக்குப்பிடிக்க வகுத்த புதிய பூட்டுகளை 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் பகிரங்கமாக வெளியிட்டது. விஞ்ஞானம் வழி காட்டிவிட்டது. சர்க்காரும் பாங்குகளும் தாமதமின்றிப் பூட்டை மாற்ற வேண்டும். அந்தச் செலவை உழைப்பாளி தலையில் கட்டக் கூடாது என்கிறோம் நாம்.