பீரோவுக்குள் ஒரு மழைக்காலம்

ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டு பீரோவைத் திறக்கும்போதே ஒரு வாடை அடிக்கும். ஈரக் காகிதமும் பழைய துணியும் கலந்த வாடை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியில் 'பூரோ' என்றால் மேசை அல்லது அலுவலகம். தமிழுக்கு வந்த பிறகு அது பீரோவாகி, பட்டுப்புடவையும் பத்திரமும் வைக்கும் இரும்பு அலமாரி ஆகிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் அந்த பூரோவில் குமாஸ்தாவாகக் காகிதங்களைக் காத்தேன். என் சொந்தக் காகிதங்களைக் காக்கத் தவறினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2021 நவம்பரில் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டுக் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்தபோது பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலங்கள் மூழ்கின. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் சுவர் குடித்த தண்ணீரை நான் கணக்கில் எடுக்கவில்லை. தை மாதம் டிரங்குப் பெட்டியைத் திறந்தால், அப்பாவின் கடிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கறுப்புப் புள்ளியாகப் பூசணம் பூத்துக் கிடந்தன. அப்பா சைகோனில் வேலை பார்த்த காலத்தில் அம்மாவுக்கு எழுதியவை. உள்ளே தமிழ், உறையின்மேல் முகவரி மட்டும் பிரெஞ்சு. பெட்டியில் பாச்சை உருண்டை நிறையப் போட்டிருந்தேன். அது பூச்சியை விரட்டும். ஈரத்தை உறிஞ்சாது. இந்தச் சின்ன உண்மை எனக்கு எழுபது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

விஷயம் கேட்டு மகன் ஒரு சிறிய டீஹியூமிடிஃபையர் வாங்கி அனுப்பினான். ஒரு டிபன் கேரியர் உயரம்தான் இருக்கும். இது வேலை செய்யும் தத்துவத்தை 1834இல் கண்டவர் பெல்தியே என்ற பிரெஞ்சுக்காரர். கடிகாரத் தொழிலை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். இருவேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். குளிர்ந்த பக்கத்தில் காற்று பட்டால், ஐஸ் தண்ணீர் தம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பதுபோல் நீர் கோத்துக்கொள்ளும். அது சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழும்.

கருவியைப் பெட்டிகள் இருக்கும் சின்ன அறையில் வைத்தேன். தினமும் காலையில் ஒரு தம்ளர் தண்ணீர் சேர்ந்திருக்கும். செம்பருத்திக்கு ஊற்றிவிட்டுச் சந்தோஷப்படுவேன். பதினைந்து நாள் கழித்து ஈரப்பதமானியைப் பார்த்தால் முதல் நாள் 82, அன்றைக்கு 80. "என்னங்க, செம்பருத்திதான் நல்லா வளருது" என்றாள் மனைவி.

குமாஸ்தா புத்தி, பேரேடு போட்டுப் பார்த்தேன். 30 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரமுள்ள அறை ஏறத்தாழ 28 கன மீட்டர். ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அந்தக் காற்றில் மட்டும் சுமார் 680 கிராம் தண்ணீர். மேலே காற்றுப்போக்கி திறந்திருக்கிறது. உள்ளே இருக்கும் காற்று ஒரு நாளில் பல தடவை மாறுகிறது. ஒவ்வொரு தடவையும் புதிதாக 680 கிராம் வரவு. என் கருவியின் செலவு ஒரு தம்ளர். இந்தக் கணக்கு எந்த ஜென்மத்திலும் நேராகாது.

பீரோவின் கணக்கு வேறு. உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் 20 கிராம்தான், நாலு டீஸ்பூன். ஆனால் காகிதமும் துணியும் அதைவிடப் பல மடங்கு ஈரத்தைத் தமக்குள் பிடித்து வைத்திருக்கும், மெதுவாகத்தான் விடும். ஆகையால் இறுக மூடி, வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும்.

என் அபிப்பிராயம் இதுதான்: முதலில் அடைப்பு, அடுத்து அளவு, கடைசியில்தான் கருவி. கதவும் ஜன்னலும் இறுக மூடும் சின்ன அறையானால் கருவி பயன்படும். பீரோவுக்கும் டிரங்குப் பெட்டிக்கும் அது தேவையில்லை. ஒயர் நுழைய இடம் விட்டால் அந்தச் சந்திலேயே ஈரமும் நுழையும். மூடிய பெட்டிக்குள் கருவியின் சூடும் தங்கும். அங்கே சிலிக்கா ஜெல் போதும். ஆரஞ்சு நிற மணிகள் ஈரம் குடித்ததும் பச்சையாகும். சமையலுக்குப் புழங்காத ஒரு சட்டியில் சிறு தீயில் சூடாக்கினால் பழைய நிறத்துக்கு வரும். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல்கடையாவது தள்ளி வையுங்கள். கதவு இடுக்கில் நுரைப்பட்டை ஒட்டுங்கள். ஈரப்பதமானியை உள்ளேயே வையுங்கள். 65ஐத் தாண்டவிடாதீர்கள்.

இதைப் பக்கத்துத் தெரு நெசவாளர் ஒருவரிடம் விளக்கினேன். சிரித்தார். "ஐயா, ஈரம் இல்லேன்னா பருத்தி நூல் பொட்டு பொட்டுன்னு அறுந்துடும். குழித்தறி தோண்டினதே அதுக்குந்தானே? ஆனா மழை நாள்ல பாவுக்குப் போட்ட கஞ்சி காயாது." ஒரே ஈரம், ஒரே வீட்டில், நூலுக்கு வேண்டும், கஞ்சிக்கு வேண்டாம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான சைவ ஓலைச்சுவடிகள் உள்ளன. 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றவை. ஓலையும் அப்படித்தான். ஈரம் மிஞ்சினால் பூசணம், அடியோடு வற்றினால் விரிசல். ஆகவே ஈரத்தை அடியோடு விரட்டுவது நம் வேலை இல்லை, அளவோடு வைப்பதுதான்.

இன்று காலை டிரங்குப் பெட்டிக்குள் 54 காட்டியது. அதில் அப்பாவின் கடிதங்களில் படிக்க முடிகிற மூன்று மட்டும் இருக்கின்றன. மற்றவற்றை எந்தக் கருவியும் திருப்பித் தராது. மழை பிடிப்பதற்குள், நல்ல வெயில் அடிக்கும் ஒரு நாளாகப் பார்த்து உங்கள் வீட்டுப் பெட்டியை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.