ஏரிக்கரைத் திராட்சையும் சேந்தமங்கலத்து மரவள்ளியும்

விளைவிக்கிறவர் ஒருவர், விலை வைக்கிறவர் இன்னொருவர். சேந்தமங்கலம் பக்கம் மரவள்ளி போடுகிற விவசாயி யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். இதே கதை அமெரிக்காவிலும் நடந்தது என்றால் நம்புவீர்களா? அங்கே மரவள்ளிக்குப் பதில் திராட்சை, சேகோ ஆலைக்குப் பதில் ஒயின் ஆலை. அவ்வளவுதான் வித்தியாசம்!

நியூயார்க் மாநிலத்தில் விரல்களை நீட்டி வைத்தது போல 11 ஏரிகள் இருக்கின்றன. பெயரே 'ஃபிங்கர் லேக்ஸ்', அதாவது விரல் ஏரிகள். கடும் குளிர்ப் பிரதேசம். ஆனால் ஆழமான ஏரிகள் கோடையில் வாங்கிய சூட்டை மெல்ல மெல்ல வெளியே விடுவதால் கரையோரச் சரிவுகளில் திராட்சைக் கொடி பிழைத்துக்கொள்கிறது. 1860இல் பிளசன்ட் வேலி கம்பெனி, 1880இல் டெய்லர் குடும்பத்தின் கம்பெனி என்று ஒயின் தொழில் வளர்ந்தது.

பிறகு 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு. (நம் ஊருக்கும் மதுவிலக்கு புதிதல்ல. 1937இல் ராஜாஜி அதை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். சேந்தமங்கலமும் அப்போது சேலம் மாவட்டம்.) ஏரிக்கரையில் பல ஆலைகள் மூடப்பட்டன. தேவாலய வழிபாட்டுக்கான ஒயினும் திராட்சைச் சாறும் விற்று சில கம்பெனிகள் தப்பித்தன. மதுவிலக்கு நீங்கியபோது சந்தை அந்தச் சில கம்பெனிகளின் கையில் இருந்தது. சுற்றியிருந்த குடும்பங்கள் பழத்தைப் பறித்துக் கொடுத்துவிட்டு, கொடுத்த விலையை வாங்கிக்கொண்டு போயின.

1970களில் பெரிய கம்பெனிகள் கொள்முதலைக் குறைத்தன. பழம் தேங்கியது. அப்போதுதான், 1976இல், நியூயார்க் அரசு 'பண்ணை ஒயின் ஆலைச் சட்டம்' கொண்டுவந்தது. மாநிலத்தில் விளைந்த பழத்தில் ஆண்டுக்கு 50,000 கேலன் வரை சிறு ஆலைகள் தயாரிக்கலாம், தோட்டத்துக்கு வருகிறவர்களுக்கு நேரடியாகவே விற்கலாம். இதில் மானியம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வழியில் இருந்த தடையை எடுத்தார்கள், அவ்வளவே. அன்று மாநிலம் முழுவதும் சேர்த்தே இருபதைத் தொடாத ஒயின் ஆலைகள், இன்று அந்த ஏரிகளைச் சுற்றி மட்டும் நூற்றுக்கு மேல். பெரும்பாலானவை குடும்பங்கள் நடத்துபவை.

திறமை அதற்கு முன்பும் இருந்தது. உக்ரைனில் பிறந்து 1951இல் அமெரிக்கா வந்த கான்ஸ்டன்டின் ஃபிராங்க், அந்தக் குளிரில் ஐரோப்பியத் திராட்சை வளராது என்றவர்கள் நடுவே ஒட்டுக்கட்டி வளர்த்துக் காட்டி, 1962இல் சொந்த ஆலை தொடங்கினார். இன்று அவர் குடும்பத்தின் நான்காம் தலைமுறை அதில் இருக்கிறது. ஆனால் அவரைப் போல மற்றவர்களும் துணிந்து இறங்கச் சட்டம் மாற வேண்டியிருந்தது.

குடும்பப் பெயருக்கும் விலை உண்டு. 1977இல் கோகோ கோலா டெய்லர் கம்பெனியை வாங்கியது. அதை நிறுவியவரின் பேரன் வால்டர் டெய்லர் அதற்கு முன்பே தனியாக ஆலை நடத்தி வந்தார். அவர் லேபிளில் 'டெய்லர்' என்று போடக்கூடாது என்று வழக்குத் தொடுத்து ஜெயித்தார்கள். மனிதர் சளைக்கவில்லை. தன் பெயரைக் கறுப்பு மையால் அடித்தே பாட்டிலை விற்றார்!

நம் மாநிலத்துக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பன்னீர் திராட்சை அறுவடை ஆகிறது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் மது சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். தோட்டத்திலேயே ஒயின் விற்க அங்கே வழியில்லை. டாஸ்மாக்கால் குடும்பங்கள் படும் பாட்டைப் பார்த்தவர்கள், இன்னொரு மதுவும் வேண்டுமா என்று கேட்பது நியாயமே. அந்த வாதம் தனியாக நடக்கட்டும்.

ஏரிக்கரை சொல்லும் பாடம் ஒயினோடு முடிவதில்லை. விளைவித்தவரே பதப்படுத்தி, தன் பெயர் போட்டு விற்க முடிந்தால்தான் அடுத்த தலைமுறை நிலத்தில் நிற்கும். இங்கே கிழங்குக்கு மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை போடுவது ஆலை. வெட்டிய கிழங்கு சில நாளில் கெட்டுவிடும் என்பதால் பேரம் பேச விவசாயிக்கு நேரமும் இல்லை. சேலத்தில் 1981இல் உருவான சேகோசர்வ் கூட்டுறவு, ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் நல்ல சந்தையை ஏற்படுத்தியது. உண்மைதான். ஆனால் அதில் உறுப்பினர்கள் ஆலைக்காரர்கள், கிழங்கு போட்டவர்கள் அல்ல.

ஜவ்வரிசி ஆலைக்கு நிறைய தண்ணீர் வேண்டும், கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகாது. ஆனால் பத்து இருபது குடும்பங்கள் சேர்ந்து மாவாகவோ சிப்ஸாகவோ செய்து விற்க முடியாதா? அதற்கேற்ற எளிய உரிமம், பொதுவான உலர்களம், சிறு கடன் இவற்றைக் கேட்பது பேராசை ஆகாது.

பட்டதாரிப் பிள்ளைகள் ஊரை விட்டுப் போகிறார்கள் என்று வருத்தப்படுகிறோம். விலை சொல்லும் உரிமை இல்லாத தொழிலை எந்தப் பிள்ளை எடுத்து நடத்தும்?