தார் பாலை தரிசு நிலம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சூரிய மின்சாரத்தில் ராஜஸ்தான் கண்டுவரும் வளர்ச்சியைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வளர்ச்சி மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் யாருக்கும் பயன்படாத மணல்வெளியில் இந்த மின்நிலையங்கள் எழுவதாக அதில் எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஜெய்சல்மேர், பார்மேர், பிகானேர் மாவட்டங்களில் அந்த நிலத்தைக் காக்கத்தான் கிராம மக்கள் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்கள். அவர்கள் பக்க நியாயத்தையும் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டும்.

தார் வெறும் மணல்மேடுகளால் ஆனது அல்ல. அதில் பரந்த பகுதி சேவண் புல் வளரும் மேய்ச்சல் வெளி. நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான் அங்கே கேஜ்ரி. ராஜஸ்தானின் மாநில மரமும் அதுவே. அதன் தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். காய் மனிதருக்குக் கறி. அந்த மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து 1730இல் கேஜர்லி கிராமத்தில் அம்ரிதா தேவி உள்ளிட்ட 363 பிஷ்னோய்கள் உயிரைக் கொடுத்தார்கள் என்பது அந்த மண் மறக்காத வரலாறு. சிங்காரா மான், பாலை நரி, முள்வால் பல்லி, பிணந்தின்னிக் கழுகு என்று எத்தனையோ உயிர்கள் இந்தப் புல்லையும் மரத்தையும் நம்பி இருக்கின்றன.

ஊர்த் தெய்வத்துக்கென்று விடப்பட்ட காட்டை அங்கே ‘ஓரண்’ என்கிறார்கள். அங்கே மரம் வெட்டக் கூடாது, உழக் கூடாது. கால்நடை மேயலாம், குளத்தில் நீர் அருந்தலாம். நம் கோயில்காடுகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பல ஓரண்கள் வருவாய்த் துறைப் பதிவேடுகளில் அரசுத் தரிசாக எழுதப்பட்டிருக்கின்றன. தலைமுறைகளாகக் காத்தவர்களிடம் காகிதம் இல்லை. காகிதத்தைக் கையில் வைத்திருக்கும் அரசோ அதைத் தரிசென்று சொல்லிக் குத்தகைக்கு விடுகிறது. ஜெய்சல்மேர் அருகே தேக்ராய் மாதா ஓரணைக் காக்க ஒட்டகம் மேய்ப்பவர்கள் நடத்திவரும் போராட்டம் இதற்கு எதிராகத்தான். மேய்ச்சல் நிலம் போனால் ஒட்டகமும் போகும். இந்தியாவில் ஒட்டகங்களின் எண்ணிக்கை 2012க்கும் 2019க்கும் இடையில் சுமார் 37 விழுக்காடு குறைந்துவிட்டதாகக் கால்நடைக் கணக்கெடுப்பே சொல்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு கானமயிலுக்கு. ஒரு காலத்தில் தமிழ்நாடு உட்படப் பதினொரு மாநிலங்களில் இருந்த பறவை அது. 1969இல் சுமார் 1,260 இருந்தன. இன்று 150 அளவுக்குத்தான் மதிப்பிடப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை தாரில் வாழ்கின்றன. உடல் கனமானது, நேர் எதிரே பார்க்கும் பார்வை குறைவு. மின்நிலையங்களிலிருந்து செல்லும் மின்கம்பி கண்ணில் படும்போது விலகிப் பறக்க நேரம் இருக்காது. தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடும் இனம் என்பதால் ஒவ்வொரு சாவும் ஈடுசெய்ய முடியாத இழப்பாகிறது. பாலைவனத் தேசியப் பூங்காவையும் அதைச் சுற்றிய பகுதியையும் சேர்த்து 4,200 சதுர கிலோமீட்டரில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 84,000 பறவைகள் மின்கம்பிகளால் சாகின்றன என்று இந்திய வனஉயிரின நிறுவனம் கணக்கிட்டது. 2020 செப்டம்பரில் தேக்ராய் ஓரண் பக்கத்திலேயே ஒரு கானமயில் மின்கம்பியில் மோதி இறந்தது.

இதைத் தடுக்க, 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மின்கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுசெல்ல உத்தரவிட்டது. சுமார் 99,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்குப் பொருந்திய அந்த உத்தரவு, நடைமுறைக்கு ஒவ்வாது என்று மத்திய அரசு முறையிட்டதன்பேரில் 2024 மார்ச்சில் தளர்த்தப்பட்டது. 2025 டிசம்பரில் வந்த தீர்ப்பு, ராஜஸ்தானில் கானமயில் பாதுகாப்புக்கான முன்னுரிமைப் பரப்பை 14,013 சதுர கிலோமீட்டர் என்று வரையறுத்திருக்கிறது. இந்தப் பரப்பிலாவது ஒரு விதிவிலக்கும் இல்லாமல் தீர்ப்பு நிறைவேற வேண்டும். அதற்கு வெளியே இருக்கும் ஓரண்களையும் கைவிட்டுவிடக் கூடாது. ஓரண்களை நேரில் அளந்தும் செயற்கைக்கோள் வழியாகவும் வரைபடமிட்டு, காடாக வகைப்படுத்த வேண்டும் என்று 2024 டிசம்பர் 18 அன்றே உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் அரசுக்கு ஆணையிட்டிருக்கிறது.

பருவநிலை மாற்றத்தைத் தடுக்கச் சூரிய மின்சாரம் வேண்டாமா என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். அங்கே போராடும் மக்களும் அதை எதிர்க்கவில்லை. இடத்தை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். நகரக் கட்டடக் கூரைகள் இருக்கின்றன, கால்வாய்களின் மேற்பரப்பு இருக்கிறது, ஏற்கெனவே கெட்டுப்போன தொழிற்பேட்டை நிலங்கள் இருக்கின்றன. இவற்றை விட்டுவிட்டு, கரிமத்தைத் தன் வேரில் சேர்த்துவைக்கும் புல்வெளியை அழித்துச் சுற்றுச்சூழலைக் காப்பதாகச் சொல்வது நியாயமாகாது.

ராஜஸ்தான் அரசு ஓரண்களின் அளவைப் பணியை முடித்துப் பட்டியலை வெளியிட வேண்டும். அதுவரை அந்த நிலங்களில் புதிய குத்தகை எதுவும் தரக் கூடாது. கானமயில் பறக்கும் தடங்களில் தாழ்வழுத்தக் கம்பிகளை உடனே தரைக்கடியில் புதைக்க வேண்டும். எந்தத் திட்டமானாலும் மேய்ப்பவர்களின் ஊர்க்கூட்டத்தில் கேட்டு ஒப்புதல் பெற்ற பிறகே கையெழுத்திட வேண்டும். சாம், ராம்தேவ்ரா மையங்களில் கானமயில் குஞ்சுகளைக் கண்ணும் கருத்துமாக வளர்க்கிறார்கள். அவற்றைத் திறந்துவிடப் புல்வெளி மிஞ்சாவிட்டால் அந்த உழைப்பு வீண். தாங்களும் இந்தப் போராட்டத்தைப் பற்றி முழுமையான கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோவில்பட்டி