ஆண்டுக் கணக்கும் அண்டை வீடும்

பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களில் மாதக் கணக்குப் போட்டு யாரும் குடும்பம் நடத்தியதில்லை. பால்மரம் அதற்கு இடம் கொடுக்காது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலை உதிரும்போது பால் சுண்டிவிடும். ஆண்டுக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால், விடியுமுன் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்குப் போனவர்கள் உளியை நனைக்காமலே வீடு திரும்புவார்கள். மரம் ஈரமாக இருந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. வரவு இப்படி ஏறி இறங்க, செலவு மட்டும் தன் தேதி தவறாமல் வந்து நிற்கும். தீபாவளி, பள்ளித் திறப்பு, தைப்பூசம், தோட்டத்து மாரியம்மன் திருவிழா என்று வரிசையாக வரும். முதல் மூன்றும் பெரும்பாலும் மழைக்கும் இலையுதிர்வுக்கும் நடுவே, கை காய்ந்திருக்கும் வேளையில் வரும்.

அதனால் தோட்டத்துப் பெண்கள் ஆண்டு முழுவதையும் ஒன்றாக வைத்தே கணக்குப் போட்டார்கள். நல்ல பால் வரும் மாதத்தில் கையில் நின்ற காசு அந்த மாதத்துக்குச் சொந்தமில்லை, டிசம்பருக்குச் சொந்தம் என்பது அவர்களுக்குத் தெரியும். பொருளாதாரப் பாடம் படித்து வந்த அறிவல்ல அது. ஒரு டிசம்பரில் பட்டால் அடுத்த டிசம்பருக்குள் வந்துவிடும்.

ஆனால் அந்தக் குடும்பங்களைக் கரையேற்றியது சிக்கனம் மட்டும்தான் என்று சொல்வது பாதி உண்மை. சிக்கனத்தால் முடிந்தது ஓரளவுதான். மீதியை அண்டை வீடு பார்த்துக்கொண்டது.

லயத்து வாழ்க்கையை எண்ணி இன்று உருகுகிறவர்கள் பலர். அந்த வீடுகளின் ஒழுகும் கூரையும், பல குடும்பங்களுக்கு ஒரே தண்ணீர்க் குழாயும், சம்பள நாளன்று கள்ளுக்கடை விழுங்கிய பணமும் உருகத்தக்கவை அல்ல. குறைந்தபட்ச மாத வருமானத்துக்கு உத்தரவாதம் கிடைக்கவே இந்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. அப்போதும் அது 350 வெள்ளி அளவில்தான் நின்றது. அத்தனை குறைந்த வருமானத்தில் பிள்ளைகள் படித்து, பெண்களுக்குத் திருமணமாகி, கிழவர்களுக்கு முறையான இறுதிச் சடங்கும் நடந்தது என்றால், சம்பளச் சீட்டில் ஏறாத வரவுகள் இருந்திருக்க வேண்டும்.

இருந்தன. வீட்டுக்கு வாடகை இல்லை. விறகு காசு கொடுக்காமல் கிடைத்தது. வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் மரவள்ளியும் கத்தரியும் வளர்ந்தன. மாடும் ஆடும் வைத்திருந்தவர்கள் உண்டு. குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய்மார்கள் வெட்டுக்குப் போனார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பாடை கட்டவும் பந்தல் போடவும் கூலி கொடுத்து ஆள் தேட வேண்டியதில்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்த மரணச் சகாய நிதி அன்று மாலைக்குள் கைக்கு வந்துவிடும். திருமணத்துக்கு எழுதிய மொய் நோட்டு, திருப்பிச் செய்ய வேண்டிய கடமைகளின் பதிவேடாகப் பல ஆண்டுகள் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு கூட்டு. பத்துப் பேர் சேர்வார்கள். மாதம் ஆளுக்கு ஐம்பது வெள்ளி என்று வைத்துக்கொண்டால், மாதா மாதம் ஐந்நூறு வெள்ளி ஒருவர் கைக்குப் போகும். யாருக்கு முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள், அல்லது மகளுக்குத் திருமணம் வைத்திருப்பவருக்கு மற்றவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. ஒருவர் கட்டத் தவறினால் அடுத்த நாள் காலை பிரட்டில் ஒன்பது பேரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய ஜாமீன் தேவைப்படவில்லை.

கூட்டை வியாபாரமாக நடத்துவதை மலேசியச் சட்டம் 1971லேயே தடை செய்துவிட்டது. பணத்தை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடியவர்களால் வந்த தடை அது. தவறான சட்டம் என்று சொல்ல முடியாது. இன்று வாட்ஸ்அப் குழுவில் முகம் தெரியாதவர்களைச் சேர்த்து, முதல் சீட்டை எடுத்துக்கொண்டு மறைகிறவர்களைப் பார்க்கும்போது அதன் நியாயம் இன்னும் விளங்குகிறது. ஒரே லயத்தில் வாழ்ந்தவர்களுக்குள் நடந்த கூட்டுக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை எதுவும் இல்லை.

இந்த லயத்துப் பழக்கத்தை நாடளாவிய நிறுவனமாக்கிக் காட்டியவரும் பேராக் மண்ணின் பிள்ளைதான். சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சுதந்திரத்துக்குப் பிறகு ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. துண்டு விழுந்த இடங்களில் தொழிலாளிக்கு வேலையும் போனது, வேலையோடு ஒட்டிய வீடும் போனது. தோட்டம் விலைக்கு வருகிறதென்றால் அதை ஏன் தொழிலாளியே வாங்கக் கூடாது என்று கேட்டார் சம்பந்தன். பங்கு ஒன்று 100 வெள்ளி; மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். நாள் கூலி மூன்று வெள்ளியைச் சுற்றி நின்ற காலத்தில் பத்து வெள்ளி என்பது மூன்று நாள் உழைப்புக்கும் மேல். அப்படியும் கட்டினார்கள். சம்பந்தனும் அவர் துணைவியார் உமா சுந்தரியும் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களை உறுப்பினர்களாக்கினார்கள். 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்றவை வந்தன.

அமைச்சர் பதவியில் இருந்தவர் ஒருவர் ஏழைகளிடம் போய், “அரசாங்கம் தரும், காத்திருங்கள்” என்று சொல்லாமல், “நீங்களே கட்டுங்கள், உங்களுக்கே சொந்தமாகும்” என்று சொன்னார். நம்பியவர்கள் ஏமாறவில்லை. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

அதே சுங்கை சிப்புட்டை நாடாளுமன்றத்தில் நீண்ட காலம் பிரதிநிதித்த இன்னொரு தலைவரின் காலத்தில் நடந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1982இல் ம.இ.கா. கட்சியின் தலைமையில் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டது. சுமார் 66,000 பேர் 10 கோடியே 60 லட்சம் ரிங்கிட் முதல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய தோட்டத் தொழிலாளிகள் அவர்களில் ஏராளம். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 2010இல், ஒரு ரிங்கிட் பங்குக்கு 80 காசு என்ற கணக்கில் வேறொரு நிறுவனம் அவற்றை வாங்கிக்கொண்டது. அதற்குள் முதல் போட்டவர்களில் பலர் இறந்துபோயிருந்தார்கள்.

இரண்டும் தொழிலாளியின் சிறுசேமிப்பில் எழுந்தவைதான். ஒன்றில் அவனுடைய பணம், தான் தினமும் நடந்து போகும் மண்ணாக அவன் கண்ணெதிரே நின்றது. மற்றதில், அவன் போக முடியாத அறைகளில், அவனுக்குப் புரியாத தொழில்களுக்குள் போய் மறைந்தது. ஒருவருக்கொருவர் கைகொடுத்தல் என்ற பெயரில் பணம் திரட்ட வரும் எவரிடமும் நம் மக்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது: கணக்கை நாங்கள் பார்க்க முடியுமா?

தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. வீடமைப்புத் திட்டங்களுக்காக விற்கப்பட்டன. வேலைக்கு வெளிநாட்டவர் வந்தார்கள். சுங்கை சிப்புட்டின் தாமான்களுக்கும் ஈப்போவின் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தவர்களுக்குச் சம்பளம் கூடியது என்பது உண்மை. ஆனால் சம்பளச் சீட்டில் ஏறாத அந்தப் பழைய வரவுகள் முழுவதும் ஒரே நாளில் செலவுக் கணக்குக்கு மாறிவிட்டன. வாடகை, தண்ணீர், மின்சாரம், எரிவாயு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாதாமாதம் கொடுக்கும் பணம், வேலைக்குப் போக மோட்டார் சைக்கிள், அதற்குச் சாலை வரி, காப்புறுதி. நான்காம் மாடியில் முருங்கை வளராது.

இன்றைய எண்களை வைத்துப் பார்க்கலாம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 ரிங்கிட். ஆண்டுக்கு 20,400. ஒரு குடும்பத்துக்கான வறுமைக் கோடு 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தேசிய அளவில் மாதம் 2,589 ரிங்கிட்; ஆண்டுக்கு 31,068. ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீடு பத்தாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் பள்ளத்தில் நிற்கிறது. அந்த வீட்டுப் பெண்ணிடம் போய், “பார்த்துச் செலவு செய்யுங்கள்” என்று எந்தக் கருத்தரங்கில் சொன்னாலும் அது அவரை அவமதிப்பதாகும். அவர் பார்த்துத்தான் செலவு செய்கிறார். கட்டுப்பாட்டு விலையில் 10 கிலோ உள்நாட்டு அரிசி 26 ரிங்கிட்டுக்கு எந்தக் கடையில் இருக்கிறது, உதவித்தொகை பெற்ற ஒரு கிலோ எண்ணெய்ப் பாக்கெட் 2 ரிங்கிட் 50 காசுக்கு என்றைக்கு வரும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை.

அவரிடம் இல்லாதது கூட்டில் சேர்ந்து நின்ற அந்த ஒன்பது பேர். பிள்ளைக்குப் பள்ளிச் சீருடையும் காலணியும் புத்தகப் பையும் வாங்கும் வாரத்தில், அரசு தரும் 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவி போக மீதிக்கு யாரிடம் கேட்பது? தோட்டத்தில் கூட்டு எடுக்கலாம். அடுக்குமாடியில் எதிர் வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாது. விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் ஆலோங் எனும் கந்துவட்டிக்காரரின் கைப்பேசி எண் மட்டும் தெரியும். சிறு தொகைக்கு அந்த எண்ணை அழைத்த குடும்பங்கள் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயத்தோடு விழித்தெழுந்த செய்திகள் நமக்குப் புதிதல்ல.

நகரத்தில் அண்டை வீட்டு ஆதரவு பிழைக்காது என்று சொல்வோருக்கு ஈப்போவிலேயே பதில் இருக்கிறது. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்து குனோங் செரோ மலையடியில் குடியேறி, கச்சான் பூத்தே வறுத்தும் முறுக்குப் பிழிந்தும் பிழைத்த குடும்பங்களை ஈப்போவாசிகள் அறிவார்கள். 1973 அக்டோபரில் அந்தச் சுண்ணாம்புக் குன்று சரிந்து சுமார் நாற்பது பேர் மாண்டார்கள். எஞ்சியவர்கள் புந்தோங்கில் மறுகுடியேறினார்கள். தனித்தனியே சிதறாமல் ஊராகவே வந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது. அதே தொழில், பக்கத்துப் பக்கத்து வீடுகள், உறவினர் கையே கூலியாள் கை. இன்று புந்தோங் கச்சான் பூத்தே நாடறிந்த பண்டம். தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு இப்படி ஊரோடு சேர்ந்து இடம்பெயரும் வாய்ப்பைக் கொடுத்திருந்தால், பேராக்கின் தாமான்களில் இன்று பார்க்கும் தனிமையில் பாதியாவது இருந்திருக்காது. நட்டஈடு பேசியவர்கள் வீட்டைப் பற்றிப் பேசினார்கள். அக்கம்பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

போனது போகட்டும். பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது. ஊருக்கு ஊர் ஆலய நிர்வாகம் இருக்கிறது. இவற்றின் வழியே குடும்பத்துக்கு மாதம் 20 ரிங்கிட் சேர்த்தால் ஓராண்டில் பள்ளித் திறப்புக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 240 ரிங்கிட் கையில் இருக்கும். இதைத் தொடங்க மாபெரும் திட்டம் எதுவும் வேண்டாம். நேர்மையான பொருளாளரும், மாதம் ஒருமுறை எல்லார் முன்னும் வாசிக்கப்படும் கணக்கும் போதும். சேமிப்பு வளர்ந்து கடன் கொடுக்கும் நிலை வந்தால், 1993ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் மலேசியக் கூட்டுறவு ஆணையத்தில் முறையாகப் பதிந்துகொள்ள வேண்டும். பதிவும் தணிக்கையும் இல்லாமல் பெருந்தொகை புரளும் எந்த ஏற்பாட்டிலும் ஏழைகள் சேரக் கூடாது. ஏற்கெனவே கடனில் மாட்டியவர்கள் கடன் ஆலோசனை தரும் ஏ.கே.பி.கே. அலுவலகத்துக்குப் போகலாம், ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

ஆலயங்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். திருவிழாவுக்கு வீடு வீடாக ரசீதுப் புத்தகத்தோடு போகும் அதே இளைஞர்கள், மரணச் சகாய நிதிக்கும் ஒரு புத்தகம் கொண்டுபோகலாம். முன்பு தோட்டத்துக் கோயில்கள் செய்த வேலைதான் அது.

கச்சான் வறுக்கிறவர், வீட்டில் தைக்கிறவர், கிராப் ஓட்டுகிறவர் போன்று முதலாளி இல்லாமல் உழைப்பவர்கள் இன்னொன்றையும் தவறவிடக் கூடாது. ஊழியர் சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் அவர்களே விரும்பிக் கட்டும் பணத்துக்கு அரசு 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, சேர்த்துத் தருகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம், சொல்லுங்கள். இந்த ஆண்டுக்கான தொகையைப் பெற வேண்டுமானால் டிசம்பர் 31க்குள் பணம் கட்டியிருக்க வேண்டும்.