பெயருள்ள ஆண்கள், பெயரில்லாப் பெண்கள்

போர்ட் பிளேர் என்று நாங்கள் இன்றும் வாய்தவறாமல் சொல்லும் ஸ்ரீ விஜயபுரத்துக்கு வருகிறவர்கள் முதலில் போவது செல்லுலார் சிறைக்கு. அதன் எதிரே உள்ள பூங்காவில் ஆறு சிலைகள் நிற்கின்றன: இந்து பூஷண் ராய், பாபா பான் சிங், பண்டித ராம் ரக்கா, மஹாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா. அந்தச் சிறைக்கொடுமையில் உயிரை விட்டவர்கள். கீழே மெரினா பூங்காவுக்கு இறங்கினால் நேதாஜி. 1943 டிசம்பர் 30ஆம் தேதி அவர் இங்கே கொடியேற்றியதை ஊரே நினைவில் வைத்திருக்கிறது. சிறைக்குள்ளே செக்கிழுக்கும் உருவமும் ஆண்தான், சாட்டையடிக்குக் கட்டிவைக்கப்பட்ட உருவமும் ஆண்தான்.

பெண்ணைப் பார்க்க வேண்டுமா? அபர்தீன் பஜாரின் நினைவுப்பொருள் கடைகளுக்கும் விடுதிகளின் வரவேற்பறைகளுக்கும் போக வேண்டும். சுவரில் ஒரு பழங்குடிப் பெண் நிற்பாள். கையில் கூடை, இடுப்பில் இலை, வெற்று முதுகு, பின்னால் கடல். அவள் யார், எந்தத் தீவு, எந்த இனம் என்று வரைந்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

பல வருடங்களாக இந்த ஊரில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஓவியர்களுக்கு ஆண் உருவம் பிடிக்குமா, பெண் உருவம் பிடிக்குமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், அது அவரவர் ரசனை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கள் தீவில் ஆண் உருவம் வரலாற்றைச் சொல்ல வருகிறது, பெண் உருவம் அலங்காரத்துக்கு வருகிறது. இந்தப் பிரிவினையை நாம்தான் பிள்ளைகளின் கையில் ஏற்றிவிடுகிறோம்.

குடியரசு தினப் போட்டிக்குச் ‘சுதந்திரம்’ என்று தலைப்புக் கொடுத்தால் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வித்தியாசமில்லாமல் எல்லாரும் சங்கிலி மாட்டிய மீசைக்காரரை வரைகிறார்கள். ‘இயற்கை’ என்று கொடுத்தால் குடத்தோடு ஒரு பெண் வந்துவிடுகிறாள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆணின் முன்கையில் நரம்பு புடைத்திருக்கும், விரல்கள் சங்கிலியை இறுகப் பிடித்திருக்கும், பாதம் தரையில் அழுந்தி ஊன்றியிருக்கும். பெண்ணுக்கு இமை முடிகள் ஒவ்வொன்றாக வரையப்பட்டிருக்கும். ஆனால் ஒரு கை முதுகுக்குப் பின்னால் போயிருக்கும், இன்னொரு கை முந்தானைக்குள் மறைந்திருக்கும், பாதங்களைப் பாவாடை விழுங்கியிருக்கும். கை வரைவது கடினம் என்பதால் மட்டும் அப்படி ஒளிப்பதில்லை. அதே பிள்ளைதான் ஆணின் கையைக் கஷ்டப்பட்டு வரைந்திருக்கிறது. பெண்ணின் கைக்கு அந்தப் படத்தில் வேலை இல்லை, அதனால் அது தேவைப்படவில்லை.

இது எங்கள் ஊரோடு நிற்கும் கதையும் இல்லை. லண்டன் ராயல் அகாடமி 1768இல் தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பேர் பெண்கள்: ஆஞ்செலிகா காஃப்மன், மேரி மோசர். சில வருடங்களுக்குள் அகாடமியின் உறுப்பினர்களை ஒரே அறையில் கூட்டி ஜோஹன் ஸோஃபனி ஓர் ஓவியம் தீட்டினார். ஆண்கள் ஆடையில்லாத ஆண் மாடலைச் சுற்றி நிற்கிறார்கள். அந்த அறையில் பெண்களை நிறுத்துவது மரியாதை இல்லை என்று, இரண்டு பேரையும் சுவரில் தொங்கும் படங்களாக மாற்றிவிட்டார். அகாடமியை நிறுவியவர்களுக்கே அந்தக் கதி. மாடலைப் பார்த்து வரையும் வகுப்பு அங்கே மாணவிகளுக்குத் திறந்தது 1893இல்தான், அதுவும் மாடலின் இடுப்பில் துணி சுற்றியபிறகு. பார்த்துப் படிக்க இடம் தராமல் வைத்துவிட்டு, பெண்களுக்கு ஆண் உருவம் வராது என்று தீர்ப்புச் சொன்னார்கள். குழந்தைகளின் அறிவை அளக்க 1926இல் ஃபுளோரன்ஸ் குடினஃப் வகுத்த புகழ்பெற்ற சோதனை ‘ஓர் ஆணை வரை’ என்றே கேட்டது. பெண்ணையும் வரையச் சொல்லும் திருத்தம் வர 1963 ஆயிற்று.

தமிழ்நாட்டிலும் இதே பிரிவினைதான். பத்திரிகைகளில் மாருதியும் ஜெயராஜும் வரைந்த பெண்களைப் பார்த்துக் கை பழகிய தலைமுறை என்னுடையது. அந்தக் கோடுகள் மேல் எனக்குள்ள காதல் குறையவே இல்லை. ஆனால் 1959இல் சென்னைக் கடற்கரையில் திறந்த உழைப்பாளர் சிலையை நினைத்துப் பாருங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் மகத்தான படைப்பு. பாறையைப் புரட்டும் நான்கு பேரும் ஆண்கள். தமிழ்நாட்டில் கல்லும் மண்ணும் சுமந்து கட்டடம் எழுப்பிய சித்தாள்களுக்கு அந்தப் பீடத்தில் இடமில்லை. அழகுக்குப் பெண், உழைப்புக்கு ஆண் என்று பங்கு பிரித்தபிறகு ரசனையைப் பற்றிப் பேசி என்ன பயன்?

அந்தமானில் இந்தப் பார்வைக்கு இன்னொரு கசப்பும் உண்டு. 1890களில் இங்கே அதிகாரியாக இருந்த மாரிஸ் விடால் போர்ட்மன், அந்தமானியர்களைக் கட்டம் போட்ட திரையின் முன் நிறுத்தி, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படமெடுத்தார். ஆளை அளப்பதற்காக எடுத்த படங்கள் அவை. பார்க்கிறவர் ஆள்கிறவர், பார்க்கப்படுகிறவர் பொருள். 2012 ஜனவரியில் இங்குள்ள ஜாரவா பழங்குடிப் பெண்களைச் சாப்பாட்டைக் காட்டி ஆடச்சொன்ன காணொளி வெளிவந்து நாடே தலைகுனிந்தது. அதே பார்வை கைமாறி வந்திருக்கிறது. இன்று ஜாரவாக்களைப் படமெடுப்பது தண்டனைக்குரிய குற்றம். ஆனால் விடுதிச் சுவருக்கு அவர்களை வரைந்துகொடுக்கச் சொல்லி இன்னும் கேட்கிறார்கள். என்னிடமும் கேட்டார்கள், “மேலே துணி வேண்டாம் மேடம், அப்போதான் டூரிஸ்ட்டுக்குப் பிடிக்கும்” என்றார்கள். மறுத்துவிட்டேன். கேமராவுக்குக் கூடாது என்று சட்டம் சொன்னதைத் தூரிகை தானாகவே தவிர்க்க வேண்டும். அவர்களைப் பார்க்காமல், அவர்களிடம் கேட்காமல், அவர்கள் உடம்பை விற்பதற்குக் கலை என்று பெயர் வைக்கக் கூடாது.

இதில் மனம் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்தத் தீவுகளின் மிகப் பழைய ஓவியர்களே பெண்கள்தான். 1906 முதல் 1908 வரை இங்கே தங்கி ஆராய்ந்த ராட்கிளிஃப் பிரவுன், 1922இல் வெளியிட்ட நூலில் அந்தமானியரின் உடல் ஓவியத்தை விரிவாக எழுதியிருக்கிறார். வெள்ளைக் களிமண்ணைக் குழைத்துக் கணவனின் மேலும் உறவினர் மேலும் கோலமிடுவது பெண்களின் வேலை. லிட்டில் அந்தமானின் ஒங்கே பெண்களும் கணவன் முகத்தில் வெள்ளை மண்ணால் கோடுகள் வரைந்தவர்கள். ஆண் உடம்பை அருகில் உட்கார்ந்து பார்த்து, தோள் எங்கே வளைகிறது, நெற்றி எங்கே முடிகிறது என்று விரலால் அறிந்து வரைந்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட ஓவியர்களைத்தான் நாம் கூடை தூக்கும் பொம்மைகளாகச் சுவரில் மாட்டியிருக்கிறோம்.

சிறை வரலாற்றிலும் பெண்கள் இருந்தார்கள். 1858 மார்ச் மாதத்தில் முதல் கைதிகள் சுமார் 200 பேர் வந்திறங்கினார்கள். அதன்பின் நாட்டின் பல மூலைகளிலிருந்து பெண் கைதிகளும் கப்பலேற்றப்பட்டார்கள். சவுத் பாயின்ட்டில் அவர்களுக்குத் தனிச் சிறை இருந்தது. அங்கே தறியில் உட்கார்ந்து துணி நெய்தார்கள். நன்னடத்தைச் சலுகை பெற்ற ஆண் கைதிகளை நிர்வாகத்தின் அனுமதியோடு மணந்து குடும்பமானார்கள். இன்று ‘லோக்கல் பார்ன்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் பலவற்றின் வேர் அந்தத் தாய்மார்கள். இந்த ஊரை ஊராக்கியவர்களில் அவர்களுக்குப் பாதிப் பங்கு உண்டு. சுற்றுலாப் பயணி யாரும் அவர்கள் உருவத்தைப் பார்த்ததில்லை, ஏனென்றால் யாரும் அதை வரையவில்லை.

எங்கள் தமிழர் கதையும் இப்படித்தான். 1964 சாஸ்திரி–சிரிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களில் ஒரு பகுதியினரை நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். விடியுமுன் பால்வெட்டப் போன பெண்களைப் பற்றிய பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான். வெட்டும் கத்தி பட்டையில் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று அந்த மணிக்கட்டுக்குத் தெரியும். கொஞ்சம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. மரத்தோடு சாய்ந்த அந்த உடலின் கோணத்தை ஓர் ஓவியர் உட்கார்ந்து வரைந்தால் வாழ்நாளுக்கும் போதும்.

கலைஞருக்குச் சுதந்திரம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். பெண் உடலின் அழகை வரைவதும் குற்றமில்லை. சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து 1969இல் இளம் வயதிலேயே மறைந்த டி.கே. பத்மினி பெண் உடலைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்தப் பெண்கள் தங்கள் நினைவில், தங்கள் தனிமையில் இருக்கிறார்கள். நமக்காகப் பாவனை காட்டவில்லை. என் மறுப்பு, பொதுச்சுவரையும் பொதுப்பூங்காவையும் ஒரே பார்வைக்கு எழுதிக்கொடுப்பதற்குத்தான். ஆணுக்கும் இதில் நஷ்டம் உண்டு. குழந்தையைத் தூக்கிச் சோறூட்டும் அப்பாவை, மீன் விற்று அலுத்து உட்கார்ந்திருக்கும் தாத்தாவை எந்தப் பிள்ளையும் வரைவதில்லை. வீரனாக இல்லாத ஆணும் தாளில் இல்லை.

என் வகுப்பில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஜங்லிகாட்டில் அரிவாள்மனையில் சூரை வெட்டும் அக்காவையோ, வீட்டில் தேங்காய் உரிக்கும் அம்மாவையோ நேரில் உட்கார்ந்து, அனுமதி கேட்டு வரைய வேண்டும். கையைக் கட்டாயம் வரைய வேண்டும். கீழே வரைந்தவர் பெயருக்கு முன்னால் வரையப்பட்டவர் பெயரை எழுத வேண்டும். ஆணாக இருந்தாலும் இதே விதிதான். முதல் முறை கை கோணலாக வரும். பரவாயில்லை, அழித்து வரையலாம்.

நிர்வாகத்திடம் கேட்பதும் இதே ஒழுங்கைத்தான். சவுத் பாயின்ட் பெண் சிறையின் நினைவாக ஒரு சிற்பம் எழுப்புங்கள். ஆவணங்களில் பெயர்கள் இருந்தால் தேடியெடுத்துக் கல்லில் பொறியுங்கள். சுற்றுலாத் துறையின் கட்டடங்களிலாவது பழங்குடிப் பெண்களின் கற்பனைப் படங்களைக் கழற்றுங்கள். அடுத்த குடியரசு தினப் போட்டிக்குப் பள்ளிகளில் ‘சுதந்திரம்’ என்று தலைப்புக் கொடுக்கும் ஆசிரியர்கள், அந்தச் சிறையில் தறி நெய்தவர்களைப் பற்றியும் ஒரு பாடவேளை பேசிவிட்டுக் கொடுங்கள். பிள்ளைகளுக்குப் பெண்ணை வரையத் தெரியும். அவள் யாரென்று சொல்ல வேண்டியது பெரியவர்களான நம் கடமை.