நல்ல தண்ணி

போன மாசம் சென்னையிலிருந்து தங்கச்சி மகன் வந்திருந்தான். வெயிலில் வந்தவனுக்குப் பானையிலிருந்து ஒரு சொம்பு மோந்து கொடுத்தேன். கையில் வாங்கி வச்சுக்கிட்டு, "மாமா, இது குடிநீரா, சும்மா தண்ணியா?"ன்னு கேட்டான். சிரிச்சிட்டேன். ஆனா அந்தக் கேள்வி ரெண்டு நாளா மண்டையைக் குடைஞ்சது.

நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க ராமநாதபுரம் பக்கம் குடிநீர்னா வைத்தியர் கொடுக்கிற கஷாயம். இப்பவும் நிலவேம்புக் குடிநீர்னுதானே சொல்றோம்? குடிக்கிறதுக்கு 'நல்ல தண்ணி', மத்ததெல்லாம் உப்புத் தண்ணி. வயலுக்குக் கண்மாய், குடிக்க ஊருணி. ஊர் உண்ணும் நீர் என்பதால் அந்தப் பேர். செருப்பைக் கழட்டிட்டுத்தான் இறங்கணும். துணி துவைக்கக் கூடாது, மாடு இறங்கினா மாட்டுக்காரனுக்கு அபராதம். தண்ணி கலங்கலாத்தான் இருக்கும். பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டு ஊத்தி வச்சா விடியிறதுக்குள்ள தெளிஞ்சிடும்.

அந்தப் படிக்கட்டில் எல்லாரையும் இறங்க விடலை என்பதையும் சொல்லிடுறேன். அந்த அநியாயத்தை மறைச்சிட்டுப் பழைய பெருமை பேச எனக்கு மனசு வரலை.

அப்புறம் காவிரித் தண்ணி குழாயில வந்துச்சு. நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். பொம்பளைங்க இடுப்பில் குடத்தோட நடந்த தூரம் எனக்குத் தெரியும். ஆனா தொட்டியில 'குடிநீர்'னு பெயிண்ட்ல எழுதின அன்னைக்கே ஊருணி வெறும் தண்ணியாப் போச்சு. காவல் போச்சு. வரத்துக்கால் தூர்ந்துச்சு. கரை முழுக்க சீமைக்கருவேலம், உள்ளே பிளாஸ்டிக் குப்பை. ஒரு தண்ணிக்குக் குடிநீர்னு பட்டம் கட்டினா, மத்த தண்ணியை எல்லாம் என்ன வேணா செய்யலாம்னு அர்த்தமா? மேலே ஊருணியில நின்னாத்தானே சுத்தியிருக்கிற கிணத்துல உப்பு குறையும்? மெஷின் வச்சு வடிகட்டுறதுக்கும் முதல்ல ஒரு தண்ணி வேணுமே!

இப்போ குழாய் எங்கேயாவது உடைஞ்சா ஒரு வாரம் காத்துக் கிடக்கிறோம். வண்டியில வர்ற தண்ணியைக் குடம் கணக்குல காசு கொடுத்து வாங்குறோம்.

கிராம சபையில் ஊருணியைத் தூர்வாரணும்னு எழுந்து சொன்னேன். "அதான் குடிநீர் வருதே அண்ணே"ன்னு ஒருத்தர் உட்கார வச்சிட்டார். என்ன பதில் சொல்றது?

நாலு பேர் மண்வெட்டியோட வர்றோம்னு சொல்லியிருக்காங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி வரத்துக்காலையாவது வெட்டிடணும்.

மருமகன் அன்னைக்கு அந்தச் சொம்பைக் குடிக்கவே இல்லை. அதுல இருந்ததும் குழாயில வந்த குடிநீர்தான்.